ரேங்க் கார்டு கைக்கு வந்துடுச்சா? டீச்சரைக் கேளுங்க

காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்து கார்டு குடுக்குற வாரம்னா நமக்கு வர்ற கேள்வியில பாதி அதப் பத்திதான் இருக்கும், இந்த தடவை மொத்தமும் அதேதான். கடலூர் ஓ.டி.லேருந்து லாஸ்பேட்டை வரைக்கும் ஒரே புலம்பல். அதனால பாக்கி இருக்குற ஹாஸ்டல் கேள்விங்கள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதுல கார்டு மட்டும். போட்டோ எடுத்து அனுப்புனவங்க பேரு, ஸ்கூல் பேரு எதையும் போடல, தைரியமா படிங்க.

கே: டீச்சர், பையன் ஆறாவது படிக்கிறான். போன வருஷம் வரைக்கும் அஞ்சு ரேங்க்குக்குள்ள வந்துடுவான், இப்ப காலாண்டுல 14வது ரேங்க். அவங்கப்பா கையெழுத்து போட மாட்டேன்னு கார்ட தூக்கி பீரோ மேல வச்சிட்டாரு. ஜூலைல அம்மை போட்டு படுத்துருந்தான், அதுக்கப்புறம் கொஞ்சம் டல்லாதான் இருக்கான். படிப்பு எறங்கிடுச்சா? கார்டு போட்டோ அனுப்பிருக்கேன்.
- ஒரு அம்மா, செம்மண்டலம்

ப: மொதல்ல கார்ட பீரோ மேலேருந்து எறக்குங்கம்மா, நாளைக்கு அத ஸ்கூல்ல திருப்பி குடுக்கணும்.

போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். தமிழ் 78, இங்கிலீஷ் 74, கணக்கு 51, அறிவியல் 69, சமூக அறிவியல் 81, மொத்தம் 353. அதுக்கு கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு பாருங்க, பாதி பேரு அத படிக்கவே மாட்டாங்க, வேலை நாட்கள் 71, வருகை 57. பதினாலு நாள் புள்ள ஸ்கூலுக்கே போகல. ஆறாவது முதல் பருவ கணக்கு புஸ்தகத்துல எண்கள், இயற்கணிதம், விகிதம்னு வரிசையா போவும், நடுவுல ஒண்ண விட்டுட்டா அடுத்தது நடத்தும்போது பேந்த பேந்த முழிக்கணும். மத்த நாலு பாடமும் 69க்கு கீழ போகல, கணக்கு மட்டும் 51ல கெடக்குது, அம்மை போட்டது ஜூலைல. இதுக்கு மேல ஜோசியம் பாக்க என்ன இருக்கு? அவன் கணக்கு நோட்ட எடுத்து ஜூலை தேதி போட்ட பக்கத்த பாருங்க, ஒண்ணு காலியா இருக்கும், இல்லன்னா யாரோ ஃப்ரெண்டுகிட்ட வாங்கி அவசரத்துல காப்பி பண்ணிருப்பான், நடுநடுவுல ஸ்டெப்பு காணாம போயிருக்கும். அந்த பக்கங்கள மட்டும் யாராவது உக்காந்து திருப்பி சொல்லிக் குடுத்தா போதும், மொத்த பாடத்துக்கும் டியூஷன் வச்சி பையன நசுக்க வேணாம்.

ரேங்க்குக்கு வர்றேன். ரேஷன் கடை க்யூவுல நீங்க எத்தனாவது ஆளா நிக்கிறீங்கன்றது உங்களுக்கு முன்னாடி எத்தனை பேரு வந்தாங்கன்றத பொறுத்தது, உங்க பையில எத்தனை கிலோ அரிசி விழுந்துச்சுன்றது தனி கணக்கு. அஞ்சாவதுல அவனோட படிச்சவங்க வேற, ஆறாவதுல செக்‌ஷன் பிரிச்சி வேற வேற ஸ்கூல்லேருந்து வந்து சேந்தவங்க வேற. நடு ரேங்க்ல எல்லாம் புள்ளைங்க நெருக்கியடிச்சி நிப்பாங்க, பாடத்துக்கு ரெண்டு மார்க் கூட வாங்கிருந்தா அஞ்சாறு பேர தாண்டிருப்பான். கிளாஸ் டீச்சர்கிட்ட போனீங்கன்னா "கணக்குல கிளாஸ் ஆவரேஜ் எவ்ளோ மிஸ்"னு கேளுங்க, ரேங்க்க விட உபயோகமான நம்பர் அது. கிளாஸ் ஆவரேஜே 54ன்னா அங்க பிரச்சனை உங்க பையன் மட்டும் இல்ல, கொஸ்டின் பேப்பரே கஷ்டமா இருந்துருக்கலாம்.

தமிழ்நாட்டுல பத்தாவது, ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கே மாநில ரேங்க் மாவட்ட ரேங்க் அறிவிக்கிறத 2017ல நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் ரிசல்ட் அன்னிக்கு அப்பா அம்மா லட்டு ஊட்டுற போட்டோ இல்லாம பேப்பரே வராது. கவர்மென்ட்டே கைய கழுவுன சமாச்சாரம், ஆறாவது கார்டுல மட்டும் கட்டம் போட்டு உக்காந்துருக்கு. அவங்கப்பாவுக்கு ஒரு வார்த்தை: சார், கையெழுத்துன்னா "பாத்துட்டேன்"னு அர்த்தம், அவ்ளோதான். பாக்க மாட்டேன்னு நீங்க சொல்றது பையனுக்கு போய் சேந்துடுச்சு, ஸ்கூலுக்கு ஒண்ணும் போய் சேரல.

கே: எங்க பொண்ணு புதுச்சேரி கவர்மென்ட் ஸ்கூல்ல ஒன்பதாவது. சிபிஎஸ்இக்கு மாத்துனதுலேருந்து கார்டே புரியல. கணக்குக்கு நேரா 18, 31, 49, சி2 ன்னு இருக்கு. பாஸா ஃபெயிலா? கடலூர் மெட்ரிக்ல படிக்கிற எங்க அண்ணன் பொண்ணு 84 வாங்கிருக்கா, வீட்ல தெனம் அந்த பேச்சுதான்.
- ஒரு அப்பா, முத்தியால்பேட்டை

ப: பாஸ்தான். சிபிஎஸ்இல பாஸ் மார்க் 33, நம்ம ஸ்டேட் போர்டுல 35. ஆனா அந்த 49ஐ அப்படியே பாக்காதீங்க, பிரிச்சி பாருங்க.

புதுச்சேரிக்குன்னு தனியா ஒரு போர்டு எப்பவும் இருந்ததில்ல, பாண்டியும் காரைக்காலும் தமிழ்நாட்ட பாத்து ஓடுச்சு, மாஹே கேரளாவ, ஏனாம் ஆந்திராவ. 2023-24ல கவர்மென்ட் ஸ்கூல் மொத்தத்தையும் சிபிஎஸ்இக்கு கொண்டு போனாங்க, 2025ல மொத பேட்ச் சிபிஎஸ்இ பத்தாவதும் ப்ளஸ் டூவும் எழுதுச்சு. அதனால இந்த குழப்பம் உங்க வீட்டோடது மட்டும் இல்ல, ஊர்ல பாதி வீட்ல இருக்குறதுதான்.

சிபிஎஸ்இல பாடத்துக்கு 80 மார்க் எழுத்து பரீட்சை, 20 மார்க் இன்டர்னல். அந்த 20ல சின்ன டெஸ்ட்டுங்களுக்கு 5, வேற வேற விதமா சோதிக்கிறதுக்கு 5, போர்ட்ஃபோலியோன்னு நோட்டு ப்ராஜெக்ட் எல்லாம் சேத்து 5, லேப், ஆக்டிவிட்டி மாதிரி விஷயத்துக்கு 5. உங்க பொண்ணுக்கு 18 வந்துருக்குன்னா நோட்டு ஒழுங்கா வச்சிருக்கா, சொன்ன வேலைய முடிச்சி குடுத்துடுறா, ஸ்கூல்ல நல்ல பேருன்னு அர்த்தம். 80க்கு 31ன்றது வேற கதை, நூத்துக்கு கணக்கு போட்டா 39கூட வராது. புள்ள ஒழுங்கா உழைக்குது, பேப்பர்ல உக்காந்தா வரமாட்டேங்குது. எங்க மாட்டுதுன்னு பாக்கணும்னா அந்த விடைத்தாள கேட்டு வாங்கி பாருங்க, நேரமில்லாம கடைசி பக்கம் காலியா விட்டாளா, கேள்வி இங்கிலீஷ்ல சுத்தி வளச்சி கேட்டதால புரியலியான்னு. இத்தனை வருஷம் புஸ்தகத்துல இருக்குற கணக்கையே திருப்பி கேட்டு பழகுன புள்ளைங்களுக்கு சிபிஎஸ்இ பேப்பர்ல ஒரு சின்ன கதை குடுத்து அதுலேருந்து கேட்டா மண்டை காயத்தான் செய்யும்.

சி2ன்னா பயப்படாதீங்க, பெரும்பாலான ஸ்கூல்ல 91க்கு மேல ஏ1, 81 முதல் ஏ2, இப்படியே பத்து பத்தா எறங்கி 41லேருந்து 50 வரைக்கும் சி2. அடுத்த வருஷம் போர்டு எக்ஸாம்ல இந்த கணக்கு மாறிடும், இத இப்பவே தெரிஞ்சிக்குங்க: அங்க பாஸானவங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சி மேல இருக்குற எட்டுல ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டுல ஒரு பங்குக்கு ஏ2ன்னு குடுப்பாங்க. அதனால ஒரே 88க்கு ஒரு பாடத்துல ஒரு கிரேடும் இன்னொரு பாடத்துல வேற கிரேடும் வரும், யாரும் ஏமாத்தல.

அண்ணன் பொண்ணோட 84? பேப்பர் வேற, போர்டு வேற, திருத்துனவங்க வேற. ரெண்டு பேருக்கும் பொங்கலுக்கு ஒரே மாதிரி பாவாடை தாவணி எடுத்துக் குடுங்க, மார்க்க மட்டும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க.

கே: எட்டாவது படிக்கிற பொண்ணு அவங்கப்பா கையெழுத்த அவளே போட்டு ரெண்டு கார்டு குடுத்துருக்கா. மிஸ் கூப்பிட்டு காட்டுனாங்க, எனக்கு நாக்க புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. மார்க் கூட மோசமில்ல, 62 பர்சென்ட். அவரு லாரி டிரைவர், வீட்ல இருக்குறதே கம்மி. அவர்கிட்ட சொல்லணுமா?
- பெயர் வேண்டாம், அரியாங்குப்பம்

ப: போலி கையெழுத்த கண்டுபுடிக்கிறது ரொம்ப ஈஸிம்மா, அது அழகா இருக்கும். நெஜ அப்பாங்க ஒரு தடவ போட்ட மாதிரி மறு தடவ போட மாட்டாங்க, செருப்பு மாட்டிக்கிட்டே போடுவாங்க, பேனா எழுதாம ரெண்டு கிறுக்கு கிறுக்கிட்டு போடுவாங்க, பாதி கோட்டுக்கு வெளிய நிக்கும். புள்ளைங்க போடுறது மட்டும் எல்லா மாசமும் அச்சு அடிச்ச மாதிரி கோட்டு மேல உக்காந்துருக்கும்.

நீங்க கவனிக்க வேண்டியது அந்த 62. ஃபெயிலான புள்ள மறைக்கிறது புரியுது, 62 வாங்குன புள்ள ஏன் மறைச்சா? அதுக்கு முன்னாடி ஒரு கார்டு வந்தப்ப வீட்ல என்ன நடந்துச்சுன்னு யோசிங்க. அவரு பத்து நாள் கழிச்சி வீட்டுக்கு வர்ற அன்னிக்கு இந்த கார்டால ஒரு சண்டை வந்துருக்கும், அத தவிர்க்க பாத்துருக்கா, என் அனுபவத்துல பொண்ணுங்க பெரும்பாலும் இதுக்குதான் செய்வாங்க. அவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, ஆனா நீங்க சொல்லாதீங்க, அவளையே சொல்ல வைங்க, நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க. அவரு ஊர்ல இல்லாத மாசம் அம்மா கையெழுத்து போடலாம், எந்த ஸ்கூலும் வேணாம்னு சொல்லாது. கார்டுல "பெற்றோர்"னுதான போட்டுருக்கு?

கே: ஒண்ணாவது படிக்கிற பையனுக்கு மார்க்கே இல்லாத ஒரு கார்டு. ஓடை, மலை, வானம்னு படம். பெத்தவங்க நிரப்ப ஒரு பக்கம் வேற. இதெல்லாம் விளையாட்டா?
- ஆர்.கே., நெய்வேலி

ப: ஹோலிஸ்டிக் ப்ராக்ரஸ் கார்டு. 2020 கல்விக் கொள்கைக்கு அப்புறம் என்சிஇஆர்டியோட பரக்ன்ற மதிப்பீட்டு அமைப்பு செஞ்சது. ஓடைன்னா இப்பதான் ஆரம்பம், மலைன்னா பாதி வழி தாண்டியாச்சு, வானம்னா நல்லா வந்துடுச்சு. பையனே தன்னைப் பத்தி டிக் போடுற எடமும் கூட படிக்கிற புள்ள இவனப் பத்தி சொல்ற எடமும் உண்டு. ஐடியா நல்ல ஐடியா, நாப்பது புள்ளைக்கு இத்தனை பக்கம் நிரப்புற டீச்சரோட கை வலி வேற விஷயம். உங்க பக்கத்த நீங்களே நிரப்புங்க சார், "எல்லாம் நல்லா செய்றான்"னு ஒரே கோடு இழுத்து விட்டுடாதீங்க. சட்டை பட்டன் தானா போடுறானா, ஒரு கதைய முழுசா திருப்பி சொல்றானா, தோத்தா அழறானா, இதெல்லாம் உங்களுக்குதான் தெரியும், டீச்சருக்கு தெரியாது.

கே: நான் படிக்கல டீச்சர், பக்கத்து வீட்டு பொண்ணு டைப் பண்ணி குடுக்குது. பேரன் கவர்மென்ட் ஸ்கூல்ல ரெண்டாவது, அவன் "அரும்பு"ன்னு போட்டுருக்காங்களாம், எதிர் வீட்டு புள்ள "மலர்". எம்பேரன் மக்கா? பெத்தவங்க மீட்டிங்ல கைநாட்டு வைக்க கூச்சமா இருக்கு, போகாம விட்டுடலாமான்னு பாக்குறேன்.
- ஒரு பாட்டி, கடலூர் ஓ.டி.

ப: போகாம மட்டும் விட்டுடாதீங்கம்மா. பெருவிரல் ரேகை பேங்க்லயும் ரெஜிஸ்டர் ஆபீஸ்லயும் செல்லுது, ஸ்கூல் கார்டுல செல்லாதா? கூச்சப்பட வேண்டியது ஒண்ணுமில்ல. வருஷா வருஷம் என் கிளாஸ்ல மீட்டிங்குக்கு மொத ஆளா வந்து நிக்கிறது மீன் கூடைய வெளிய எறக்கி வச்சிட்டு வர்ற அம்மாங்கதான், காரு வச்சிருக்குறவங்க மெசேஜ் போட்டுட்டு வராம விட்டுடுவாங்க.

அரும்பு, மொட்டு, மலர் எல்லாம் எண்ணும் எழுத்தும் திட்டத்துல வர்றது, 2022லேருந்து தமிழ்நாட்டு கவர்மென்ட் ஸ்கூல்ல ஒண்ணாவதுலேருந்து மூணாவது வரைக்கும் ஆரம்பிச்சி அப்புறம் நாலு அஞ்சுக்கும் வந்துச்சு. புள்ள இப்ப எந்த படியில நிக்குதோ அந்த படிக்கு ஏத்த பாடத்த குடுக்கணும்னு பிரிக்கிறது. அரும்புன்னா எழுத்து கூட்டி படிக்க இன்னும் பழகணும்னு வச்சிக்கலாம், ஃபெயில்னு அர்த்தமில்ல. மாசக்கணக்கா அதே அரும்புலயே நின்னான்னா அப்பதான் கேக்கணும். மீட்டிங்ல போய் டீச்சர்கிட்ட "கார்ட எனக்கு சத்தமா படிச்சி காட்டும்மா"னு சொல்லுங்க, படிச்சி காட்டுவாங்க, அது அவங்க வேலை. அப்புறம் பேரனோட நோட்ட தொறந்து "மொத வாரம் எழுதுனதையும் இப்ப எழுதுறதையும் காட்டு"ன்னு கேளுங்க. வித்தியாசம் தெரியறதுக்கு படிச்சிருக்கணும்னு இல்ல, ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல வச்சா எழுத்து நேரா வந்துருக்கா கோணையா கெடக்கான்னு கண்ணுக்கே தெரியும்.

கே: என் மச்சான் பொண்ணு பாண்டி லிசேல படிக்கிறா. 20க்கு 13 தான் ஆவரேஜ். நம்ம கணக்குல 65 ஆச்சே, பேசாம வேற ஸ்கூல்ல சேத்துருக்கலாமோ?
- எஸ்.வி., வில்லியனூர்

ப: நல்லவேளை என்னைக் கேட்டீங்க, அந்த பொண்ண கேக்கல. 1826லேருந்து இருக்குற பிரெஞ்சு பள்ளிக்கூடம் அது, மார்க்கும் பிரான்ஸ் வழக்கப்படிதான். அங்க 10 வந்தா பாஸ். கடைசில எழுதுற பக்கலோரியா பரீட்சைல 12க்கு மேலன்னா ஒரு பாராட்டு, 14க்கு மேல நல்லது, 16 தாண்டுனா ரொம்ப நல்லதுன்னு சர்டிபிகேட்லயே போட்டுக் குடுப்பாங்க. 20க்கு 20 எல்லாம் அங்க லேசுல கண்ணுல பட்டுடாது. 13ஐ அஞ்சால பெருக்கி 65ன்னு மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க, வீண் வம்பு. அவங்க கார்டுல எனக்கு புடிச்சது, பாடத்துக்கு பாடம் வாத்தியார் தனியா ஒரு வரி எழுதணும், கிளாஸ் ஆவரேஜும் பக்கத்துலயே போட்டுருக்கும். செம்மண்டலம் அம்மாவ நான் கேட்டு வாங்க சொன்ன நம்பர் அங்க கேக்காமலே வருது.

கே: ஃபீஸ் பாக்கின்னு தனியார் ஸ்கூல்ல ஏழாவது பொண்ணோட கார்ட தர மாட்டேன்றாங்க. கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்தலாம்னா டிசியும் தர மாட்டாங்களாம். புள்ளைய மட்டும் கிளாஸ்ல எழுப்பி நிக்க வைக்கிறாங்க.
- ஒரு அம்மா, திருப்பாதிரிப்புலியூர்

ப: புள்ளைய நிக்க வைக்கிறது தப்பு, அத எழுத்துல குடுங்க. கட்டாயக் கல்விச் சட்டம் 2009, பிரிவு 5: எட்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூலுக்கோ உதவி பெறும் ஸ்கூலுக்கோ மாறுற புள்ளைக்கு டிசி வரலன்னு சொல்லி சேக்குறத தள்ளிப் போடக்கூடாது, மறுக்கவும் கூடாது. டிசிய இழுத்தடிக்கிற ஹெச்எம் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்னும் அதே பிரிவுல இருக்கு. அதனால நேரா சேர வேண்டிய ஸ்கூலுக்கு போய் பிறப்புச் சான்று, ஆதார் இருந்தா அது, இந்த வருஷ நோட்டு புஸ்தகம் எல்லாத்தையும் காட்டி சேத்துடுங்க, டிசி பின்னாடி வரட்டும். முடியாதுன்னா முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல மனு, இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு, ரெண்டுக்கும் ரசீது வாங்கிக்குங்க. ஃபீஸ் பாக்கி இதனால காணாம போயிடாது, அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள கணக்கு, மாசம் இவ்ளோன்னு எழுதிக் குடுத்து கட்டுங்க. புள்ளைய நடுவுல நிறுத்த யாருக்கும் உரிமை இல்ல.

கே: டீச்சர் நான் பத்தாவது, ஸ்டேட் போர்டு. போன கார்டுல கணக்கு 28, அறிவியல் 75க்கு 17. ரெண்டும் சிவப்பு மை. அப்பா பாத்தா பெல்ட் எடுப்பாரு. கார்டு தொலஞ்சிடுச்சுன்னு சொல்லலாமா?
- ஒரு மாணவன், நெல்லிக்குப்பம்

ப: தொலஞ்சிடுச்சுன்னா டூப்ளிகேட் கார்டு போடுவாங்க கண்ணு, அதுலயும் 28தான் இருக்கும்.

இந்த மார்க் எந்த சர்டிபிகேட்லயும் ஏறாது, மார்ச் ஏப்ரல்ல எழுதுறதுதான் ஏறும். அறிவியல்ல எழுத்துல 20 வேணும், உனக்கு 17, மூணு மார்க் பாக்கி, அப்புறம் ப்ராக்டிகல் 25ஐயும் சேத்து மொத்தம் 35 வரணும். லேப்ப மட்டும் கட் அடிக்காத. கணக்குல ஏழு பாக்கி. பப்ளிக் பேப்பர்ல கடைசி பகுதில வடிவியல் வரையுறது ஒண்ணு, வரைபடம் ஒண்ணு, எட்டு எட்டு பதினாறு மார்க், இந்த ரெண்டுக்கும் பெருசா மூளை வேணாம், ஸ்கேலும் கூர்மையான பென்சிலும் தெனம் ஒண்ணு போட்டு பாக்குற பழக்கமும் போதும். நான் பாத்து கணக்கு வராதுன்னு அழுத எத்தனையோ பசங்க இந்த பதினாற புடிச்சிதான் கரையேறிருக்காங்க. அதையும் மீறி போச்சுன்னா துணைத் தேர்வு இருக்கு, அதே வருஷம் எழுதிடலாம், ப்ளஸ் ஒன்னும் சேரலாம்.

கார்ட அப்பாகிட்ட தனியா கொண்டு போகாத. மொதல்ல கிளாஸ் சார்கிட்ட சொல்லு, "வீட்ல அடிப்பாங்க சார், நீங்க அப்பாகிட்ட பேசுங்க"ன்னு, வெக்கப்படாம சொல்லு. இந்த மூணும் ஏழும் எங்கேருந்து வரும்னு ஒரு பேப்பர்ல எழுதி கார்டு கூடவே வை, வெறும் சிவப்பு நம்பர பாக்குற அப்பாவும் அடுத்து என்ன பண்ணப்போறேன்னு எழுதுன பேப்பர பாக்குற அப்பாவும் ஒரே மாதிரி கத்த மாட்டாங்க. பெல்ட் எடுக்குறது உண்மைன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணு, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க. மனசு ரொம்ப கஷ்டமா இருந்தா மனநல உதவி எண் 14416. இத படிக்கிற அப்பாங்களுக்கு: அந்த பையன் என்னைக் கேட்டது மார்க் ஏத்துறது எப்படின்னு இல்ல, கார்ட மறைக்கிறது எப்படின்னு. பெல்ட்டால வந்தது அதான்.

கே: நான் ஒரு டீச்சர். ஒரே ராத்திரில 46 கார்டு எழுதணும். ரிமார்க்ஸ் கட்டத்துல என்ன எழுதுறது? குட், ஃபேர், நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட் தவிர ஒண்ணும் வரமாட்டேங்குது.
- இன்னொரு டீச்சர், தவளக்குப்பம்

ப: வாங்க, நம்ம ஜாதி! ஒரே ராத்திரில 46ன்றது மனுஷன் செய்ற வேலை இல்ல, பேப்பர் திருத்தும்போதே ஒரு நோட்ட பக்கத்துல வச்சிக்கிட்டு புள்ள பேருக்கு நேரா நாலு வார்த்தை கிறுக்கிக்கிட்டே வந்துடுங்க, கார்டு அன்னிக்கு காப்பி பண்ணுனா முடிஞ்சிது.

என்ன எழுதுறதுன்னா, அம்மா வீட்ல செய்யக்கூடிய ஒரு காரியம். "நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்" படிச்சிட்டு அம்மா என்ன செய்வாங்க, நாலு அடி போடுவாங்க. "கழித்தல்ல கடன் வாங்கும்போது பக்கத்து இலக்கத்த குறைக்க மறந்துடுறான், தெனம் அஞ்சு கணக்கு போட வைங்க"ன்னு எழுதுனா அஞ்சு கணக்கு போட வைப்பாங்க. "வாய்ல சரியா சொல்றா, எழுதும்போது ஒற்றெழுத்த விடுறா, சொன்னதையே எழுதச் சொல்லுங்க." "பின் பெஞ்ச்லேருந்து போர்டு தெரியல போலருக்கு, கண்ண ஒரு தடவ காட்டுங்க." இந்த கடைசி ஒண்ணு நெறைய புள்ளைங்க விஷயத்துல பலிச்சிருக்கு, கண்ணாடி போட்ட மறு மாசமே மார்க் ஏறும்.

எழுதறதுக்கு பலன் உண்டான்னு சலிப்பா இருந்தா ஒண்ணு சொல்றேன். 1988ல ரூத் பட்லர்னு ஒருத்தங்க இஸ்ரேல்ல பள்ளிப் புள்ளைங்கள வச்சி பாத்தாங்க, ஒரு குரூப்புக்கு வெறும் மார்க், இன்னொண்ணுக்கு வெறும் குறிப்பு, மூணாவதுக்கு ரெண்டும். குறிப்பு மட்டும் வாங்குனவங்க முன்னேறுனாங்க, ரெண்டும் வாங்குனவங்க வெறும் மார்க் வாங்குனவங்க மாதிரியேதான் நின்னாங்க. மார்க் பக்கத்துல இருந்தா குறிப்ப யாரும் கண்டுக்கறதில்ல. நம்ம ஊரு கார்டுல மார்க்க எடுக்க முடியாது, ஆனா நோட்டு திருத்தும்போது, வார டெஸ்ட்டுக்கு, நம்பர் போடாம குறிப்பு மட்டும் எழுதிக் குடுக்கலாமே, எந்த ஹெச்எம்மும் கேக்கப்போறதில்ல.

மார்க்கு மேல நமக்கே ரொம்ப நம்பிக்கை வேணாம். 1912ல அமெரிக்காவுல ஸ்டார்ச், எலியட்னு ரெண்டு பேரு ஒரே இங்கிலீஷ் விடைத்தாள அச்சடிச்சி நூத்துக்கும் மேல டீச்சருங்களுக்கு திருத்த அனுப்புனாங்க, ஒரே பேப்பருக்கு 64லேருந்து 98 வரைக்கும் மார்க் வந்துச்சு. தமிழ் பேப்பர்ல கட்டுரை திருத்துற யாருக்கும் இது அதிசயமா இருக்காது, காலைல மொத கட்டுல திருத்துற கைக்கும் சாயங்காலம் கடைசி கட்டுல திருத்துற கைக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு தெரியாததா.

கே: பழைய கார்டெல்லாம் பத்திரமா வைக்கணுமா? மார்க் ஷீட்ட லேமினேட் பண்ணலாமா?
- ஜே.எம்., பண்ருட்டி

ப: இந்த வருஷத்து காலாண்டு அரையாண்டு கார்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் கண்டிப்பா இருக்கட்டும். 2020ல கொரோனாவால பத்தாவது பரீட்சை ரத்தானப்ப காலாண்டு அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம்னு போட்டுதான் மார்க் குடுத்தாங்க, காலாண்டுதானேன்னு விளையாட்டா இருந்தவங்க வயித்துல புளி கரைச்சிது. அடுத்த வருஷம் ப்ளஸ் டூவுக்கும் பத்தாவது மார்க்லேருந்து பாதிய எடுத்தாங்க.

லேமினேட் வேணாம். ஃபாரின் வேலை, ஃபாரின் படிப்புன்னு போனா ஒரிஜினல் பின்னாடி சீல் வைக்கணும், பிளாஸ்டிக் மேல சீல் நிக்காது. ஏற்கனவே பண்ணிட்டீங்கன்னா பிரிக்க பாக்காதீங்க, எழுத்தோட உரிஞ்சி வந்துடும். ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர்ல போட்டு வைங்க, டிஜிலாக்கர்லயும் எறக்கி வச்சிக்குங்க, டிசியோட நாலு ஜெராக்ஸ் தனியா இருக்கட்டும். மூணாவது நாலாவது கார்டெல்லாம் வீட்ல எடம் இருந்தா வைங்க, இல்லன்னா பழைய பேப்பர்காரர்கிட்ட போடுங்க, எந்த ஆபீஸ்லயும் யாரும் கேக்கப்போறதில்ல.